வெள்ளைக்கு இரண்டு எண்கள்: 255-உம் 1.0-உம்

ஜாவா மொழியில் கலர் என்றொரு வகுப்பு உண்டு. அதற்கு 1, 1, 1 என்று மூன்று எண்களைக் கொடுத்தால் கருப்பு கிடைக்கும். முழுக் கருப்பிலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதே ஒவ்வொரு 1-க்குப் பின்னாலும் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்து, இது மிதப்புப் புள்ளி எண் என்று அறிவித்துவிட்டால் தூய வெள்ளை கிடைக்கும். முதல் வகையில் வெள்ளை 255. இரண்டாம் வகையில் வெள்ளை 1.0. ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் திரையின் இரு கோடிகளும் இடம் மாறிவிடுகின்றன.

படங்களைக் கையாளும் நிரல் எழுதுகிற எவரும் இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவேதான் வேலை செய்கிறார். ஒரு பக்கம் 0 முதல் 255 வரையிலான 8 பிட் முழு எண். மறுபக்கம் நிரலாளர்கள் ஃப்ளோட் என்று சுருக்கமாகச் சொல்லும் மிதப்புப் புள்ளி எண். முன்னது பழையது, பின்னது நவீனமானது. முன்னது கரடு, பின்னது துல்லியம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 8 பிட் எண், "திரையில் எத்தனையாவது படி?" என்ற கேள்விக்குப் பதில். ஃப்ளோட் சிறப்பாகச் சொல்வது, "எவ்வளவு ஒளி?" என்ற கேள்விக்கான பதிலை. இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்துக்கொள்ளும் இடத்தில்தான் படங்கள் கெடுகின்றன.

இரு மரபுகள்

8 பிட் வழக்கம் வன்பொருளிலிருந்து வந்தது. 1973 வாக்கில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் கருவி, ஒரு பிக்சலுக்கு 8 பிட் வைத்திருந்தது. ஒரே நேரத்தில் 256 நிறங்கள் கிடைத்தன. அதே பத்தாண்டில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் இப்படி மூன்று 8 பிட் நினைவகங்களைச் சேர்த்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி பைட் கொடுத்தார்கள். 24 பிட் நிறம் பிறந்தது: 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்கள். 1996-இல் ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் இரண்டும் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி, அந்த மூன்று பைட்டுகளுக்கும் திட்டவட்டமான பொருள் கொடுத்தது. இணையத்தின் பெரும்பாலான படங்கள் இன்றும் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

ஃப்ளோட் வழக்கம் அறிவியல் கணக்கிலிருந்து வந்தது. 1985-இல் ஐ-டிரிபிள்-இ 754 தரம் வந்தபோது 32 பிட் எண்ணின் அமைப்பு உறுதியானது: குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 8, பின்னப் பகுதிக்கு 23. ஒளி எப்படிப் பரவுகிறது என்று கட்டடக் கலைக்காகக் கணக்கிட்டுக்கொண்டிருந்த கிரெக் வார்டு, ரேடியன்ஸ் என்ற தம் மென்பொருளின் விடைகள் 0–255-க்குள் அடங்காததைக் கண்டார். மூன்று நிறங்களுக்கும் பொதுவாக ஓர் அடுக்கை வைத்து, ஒரு பிக்சலை நான்கு பைட்டில் அடைக்கும் வழியை அவர் 1991-இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். 1997-இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், வெவ்வேறு நேர அளவில் எடுத்த சாதாரணப் புகைப்படங்களைச் சேர்த்து ஒரு காட்சியின் உண்மையான ஒளி அளவுகளை மீட்க முடியும் என்று காட்டினார்கள். திரைப்படக் காட்சிகள் செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் 16 பிட் ஃப்ளோட்டை மையமாக வைத்து ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பு வடிவத்தை உருவாக்கி, 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. "ஹாஃப்" எனப்படும் அந்த 16 பிட் எண்ணில் குறிக்கு 1, அடுக்குக்கு 5, பின்னத்துக்கு 10 பிட். அதிகபட்ச மதிப்பு 65,504.

காட்டும் கருவியிலிருந்து ஒன்றும் ஒளியை அளக்கும் தேவையிலிருந்து மற்றொன்றும் பிறந்தன. இனி வரும் வேறுபாடுகள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

படிகள் எங்கே விழுகின்றன?

இரண்டு முறைகளிலும் எண்கள் தொடர்ச்சியானவை அல்ல. இரண்டிலும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளிகள் எங்கே பெரிதாக, எங்கே சிறிதாக இருக்கின்றன என்பதுதான் வேறுபாடு.

முழு எண்ணின் படிகள் சம உயரம் கொண்டவை. 8 பிட்டை ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாகப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். 254-இலிருந்து 255-க்குப் போனால் ஒளி 0.4 விழுக்காடு கூடும், கண்ணுக்குத் தெரியாது. 100-இலிருந்து 101-க்கு 1 விழுக்காடு. நல்ல வெளிச்சத்தில் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ இதுதான். 1-இலிருந்து 2-க்குப் போனாலோ ஒளி இரட்டிப்பாகிவிடுகிறது. வெளிச்சத்தில் படிகள் வீணாகக் கிடக்க, நிழலில் பஞ்சம். இரவுக் காட்சியின் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதற்கு இதுவே காரணம்.

ஃப்ளோட்டின் படிகள் மதிப்புக்கு ஏற்ப வளர்கின்றன. நகைக்கடைத் தராசு மில்லிகிராமைப் பார்க்கும், லாரி எடைமேடை சில கிலோவைப் பொருட்படுத்தாது. எடைக்கேற்ற நுணுக்கத்தோடு அந்த இரண்டு வேலைகளையும் ஒரே தராசு செய்தால் எப்படியோ அப்படித்தான் ஃப்ளோட். புகைப்படக்காரர்கள் ஒளி இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். 16 பிட் ஹாஃப் எண்ணில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 1,024 படிகள். 0.5-க்கும் 1-க்கும் நடுவில் 1,024. அதற்குக் கீழே 0.25 வரை 1,024. முழு நுணுக்கத்தோடு ஏறத்தாழ 30 ஸ்டாப்புகளுக்கு இது தொடர்கிறது. 32 பிட் ஃப்ளோட்டில் ஒரு ஸ்டாப்புக்கு 83,88,608 படிகள்.

அப்படியானால் 8 பிட் படங்கள் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தன? எஸ்ஆர்ஜிபி வளைவினால்தான். அது எண்ணை ஒளிக்கு நேர்விகிதமாக வைக்காமல் நிழல் பக்கம் நெருக்கி வைக்கிறது. உச்சத்திலிருந்து கீழே வந்தால், நேர்விகித 8 பிட்டில் முதல் ஐந்து ஸ்டாப்புகளுக்குக் கிடைக்கும் படிகள் முறையே 128, 64, 32, 16, 8. எஸ்ஆர்ஜிபி வளைவில் அவை ஏறத்தாழ 67, 51, 38, 28, 21. முழு ஒளியில் பாதி என்பது 128-இல் வராமல் 188-இல் வருகிறது. 256 படிகளில் 188, ஒளியின் கீழ்ப்பாதிக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

எதிரெதிராக நிறுத்தப்படும் இவை இரண்டும் இந்த இடத்தில் ஒரே வழியில் போகின்றன. ஃப்ளோட் தன் அடுக்குப் பிட்டுகளால் செய்வதை, எஸ்ஆர்ஜிபி ஒரு வளைவால் செய்கிறது. படிகளை ஒளியின் விகிதத்துக்கு ஏற்பப் பங்கிடுவதே இரண்டின் தந்திரமும். 8 பிட்டில் கண் ஏமாறும் அளவுக்கு மட்டும் அது நடக்கிறது. ஃப்ளோட்டில் அதன்மேல் கணக்கு போடும் அளவுக்கு மிச்சம் இருக்கிறது.

எல்லைக்கு அப்பால்

8 பிட் எண்ணுக்கு மேலே கூரையும் கீழே தரையும் உண்டு. 200 மதிப்புள்ள பிக்சலை இரண்டு மடங்காக்கினால் 400 வர வேண்டும், 255-இல் நிறுத்தப்படும். மறுபடி பாதியாக்கினால் 127-ஓ 128-ஓ கிடைக்கும். 200 போனது போனதுதான். ஃப்ளோட்டில் 0.784 என்பது 1.569 ஆகி, மறுபடி 0.784-க்கே திரும்பிவிடும்.

கூரையில் நிறுத்துவதாவது பரவாயில்லை. பைத்தானில் நம்பை நூலகத்தின் 8 பிட் அணிகளைக் கூட்டினால் 200 + 100 என்பது 44 ஆகிவிடும். 255-ஐத் தாண்டியதும் எண் சுழன்று மறுபடி சுழியிலிருந்து தொடங்குவதால். வெளுக்க வேண்டிய மேகம் கரியாகும். ஓப்பன்சிவி நூலகத்தின் கூட்டல் செயற்கூறு அதே இரண்டு அணிகளுக்கு 255 தரும். இரண்டும் ஒரே நிரலுக்குள் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கக்கூடியவை.

1-க்கு மேற்பட்ட மதிப்புகள் வெறும் உபரி அல்ல. காட்சியில் ஒரு விளக்கு, வெள்ளைக் காகிதத்தைப் போல 50 மடங்கு ஒளிர்கிறது என்போம். அசைவு மங்கலுக்காக அதன் ஒரு பிக்சலை 20 பிக்சல்களுக்குப் பரப்புகிறோம். மதிப்பு 50 அப்படியே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2.5 கிடைக்கும், நீண்ட வெள்ளை ஒளிக்கோடு உண்டாகும், உண்மையான கேமராவில் விழுவது போலவே. விளக்கை முதலிலேயே 1-இல் வெட்டிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.05, கோடு மங்கி மறைந்துவிடும். மங்கலாக்கும் நிரல் இரண்டிலும் ஒன்றுதான். விளக்கு எவ்வளவு ஒளிர்ந்தது என்ற தகவல் ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை.

கீழ்ப்பக்கமும் அப்படியே. விரிந்த நிறப்பரப்பில் உள்ள அடர்ந்த பச்சையை எஸ்ஆர்ஜிபியின் முதன்மை நிறங்களில் எழுதினால் சிவப்புக்கு எதிர்மறை மதிப்பு வரலாம். எதிர்மறைச் சிவப்பை எந்தத் திரையும் காட்டாது. ஆனால் கணக்கின் நடுவில் அது தேவை. குறிக்கென்று ஒரு பிட் வைத்திருக்கும் ஃப்ளோட் அதைச் சுமக்கும். சுழியில் வெட்டும் 8 பிட், நிறத்தையே மாற்றிவிடும்.

கணக்கு போடும்போது

ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைத்து ஒட்டுவது படநிரலின் அன்றாட வேலை. இதற்கான இயற்கணிதத்தை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிவைத்தார்கள். நிறத்தை அதன் ஒளிபுகா அளவான ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொள்வது அவர்கள் வழி. வெள்ளை 1.0 என்றிருந்தால் பெருக்கல் பெருக்கலாகவே இருக்கும்: 1 × 1 = 1, 0.5 × 0.5 = 0.25. 255 என்றிருந்தால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் 255-ஆல் வகுத்து முழு எண்ணாக்க வேண்டும். வகுத்தல் மெதுவானது என்பதால், பெருக்கலோடு 128-ஐக் கூட்டி, அதன் 256-இல் ஒரு பங்கை அதோடே சேர்த்து, மறுபடி 256-ஆல் வகுக்கும் குறுக்குவழி நிரலாளர்களிடையே புழக்கத்தில் இருக்கிறது. அது சரியான விடையையே தரும். ஆனால் சரியாக முழு எண்ணாக்குவதும் தகவலை இழப்பதுதான்.

200 மதிப்புள்ள நிறத்துக்கு ஆல்ஃபா 3 என்றால், 200 × 3 ÷ 255 = 2.35, சேமிக்கப்படுவது 2. பின்னர் ஆல்ஃபாவை நீக்கிப் பழைய நிறத்தைக் கேட்டால் 2 × 255 ÷ 3 = 170. ஒரே ஒரு போய்வரலில் 30 படிகள் நட்டம். புகை, முடி, பனி போன்ற மெல்லிய விளிம்புகளில் இந்த நட்டம் கூடுதல். படத்தைப் பத்தில் ஒரு பங்காக மங்கவைத்து உடனே பத்து மடங்காக்கினாலும் இதே கதி: பின்னத்தை வெட்டும் 8 பிட் கணக்கில் 256 படிகள் 26 ஆகச் சுருங்கிவிடும். ஃப்ளோட்டில் இந்தப் பயணங்கள் ஏறக்குறைய இழப்பில்லாதவை.

இவ்வளவையும் கேட்டு, கோப்பைத் திறந்து எல்லா மதிப்புகளையும் 255-ஆல் வகுத்துவிட்டால் ஒளியைக் கணக்கிடத் தயாராகிவிட்டோம் என்று நினைப்பவர் பலர். படங்கள் கெடுவது அதிகமும் இங்கேதான். கருப்பும் வெள்ளையுமாக ஒரு பிக்சல் அகலக் கோடுகள் மாறி மாறி இருக்கும் படத்தைப் பாதியாகச் சுருக்குவோம். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பாதி ஒளி தெரிய வேண்டும். அதாவது எஸ்ஆர்ஜிபி 188. 255-ஆல் வகுத்த ஃப்ளோட் மதிப்புகளைச் சராசரி எடுத்தால் 0.5 வரும், அது திரையில் 128-ஆகிறது. 128 தரும் ஒளி முழு ஒளியில் 22 விழுக்காட்டுக்கும் குறைவு. படம் இருண்டுபோகிறது, ஃப்ளோட்டில் கணக்கிட்ட பிறகும். 255-ஆல் வகுத்தது எண்ணின் உருவத்தை மட்டுமே மாற்றியது; அது இன்னும் "எத்தனையாவது படி?" என்ற கேள்விக்கான விடையாகவே இருக்கிறது, பின்னம் சேர்ந்த படியாக. எஸ்ஆர்ஜிபி வளைவை நீக்கி நேர்விகிதமாக்கிய பிறகுதான் அது ஒளியின் அளவு.

திரும்பி வரும் வழி

ஃப்ளோட்டில் எவ்வளவு கணக்கிட்டாலும் கடைசியில் பெரும்பாலும் முழு எண்ணுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

255-ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டிவிடுவது முதல் வழி. எழுத எளிது, ஆனால் சரியாக 1.0 இருந்தால் மட்டுமே 255 கிடைக்கும். 0.9999 கூட 254 ஆகிவிடும். படம் முழுவதும் சராசரியாக அரைப் படி இருளும்.

255-ஆல் பெருக்கி 0.5 கூட்டிப் பின்னத்தை வெட்டுவது இரண்டாம் வழி. வரைகலைக்கான ஓப்பன்ஜிஎல் தரமும் 255-ஆல் பெருக்கி அருகிலுள்ள முழு எண்ணை எடுக்கவே சொல்கிறது. ஜாவாவின் கலர் வகுப்பும் இதையே செய்கிறது. இதில் ஒரு சிறு கோணல் உண்டு: 0-க்கும் 255-க்கும் விழும் பரப்பு மற்றவற்றில் பாதிதான். 0 முதல் 1 வரை சமமாகப் பரவிய எண்களை மாற்றினால், இரு கோடிகளும் பாதித் தடவையே வரும்.

256-ஆல் பெருக்கி வெட்டி, 256 வந்தால் 255 என்று வைத்துக்கொள்வது மூன்றாம் வழி. எல்லாப் படிகளுக்கும் சம பரப்பு கிடைக்கும். 255-ஆல் வகுத்து வந்த எண்களும் இதில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஆனால் படிகளின் மையம் சற்றே விலகிவிடுகிறது.

நடைமுறைக்கு இரண்டாம் வழியே பொருந்தும். காரணம், 0 கருப்பாகவும் 255 வெள்ளையாகவும் துல்லியமாக நிற்பது, விளிம்புகளின் பரப்பு சமமாக இருப்பதைவிட முக்கியம். ஃப்ளோட்டுக்குப் போகும்போது 255-க்குப் பதில் 256-ஆல் வகுத்துவிட்டால் விளைவு எப்படி என்று பார்த்தாலே இது புரியும். வெள்ளை 0.996 ஆகிவிடும். அதைப் பத்துத் தடவை ஒன்றோடொன்று பெருக்கினால் 0.962, திரையில் 245. வெள்ளை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கியதற்கே படம் அழுக்காகிவிடுகிறது. 1.0-இன் மதிப்பே அது பெருக்கலில் எதையும் மாற்றாது என்பதில்தான் இருக்கிறது.

முழு எண்ணின் பக்க நியாயம்

இதுவரை ஃப்ளோட்டின் கை ஓங்கியிருந்தது. முழு எண்ணிடம் இருக்கும் சில நற்பண்புகளை ஃப்ளோட்டிடம் எதிர்பார்க்க முடியாது.

முதலாவது, சமம். 137 எங்கிருந்து வந்தாலும் 137. இரண்டு 8 பிட் படங்கள் ஒன்றா என்று பைட் பைட்டாக ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஃப்ளோட்டில் கூட்டும் வரிசை மாறினால் கடைசிப் பிட் மாறும். பல கோர்களில் வேலையைப் பிரித்துக் கொடுத்தால், ஒரே படத்துக்கு இரண்டு தடவை இரண்டு விடை வரலாம். நிரலைச் சோதிப்பவர், "எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்றென்று கொள்வது?" என்று முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டாவது, எல்லா மதிப்பும் நிறமே. 8 பிட்டின் 256 மதிப்புகளில் நிறம் அல்லாத ஒன்று கிடையாது. ஃப்ளோட்டில் முடிவிலி உண்டு. சுழியைச் சுழியால் வகுத்தால் வரும் "எண் அல்ல" என்ற மதிப்பும் உண்டு. ஆல்ஃபா சுழியாக உள்ள பிக்சலில் ஆல்ஃபாவை நீக்கப் போனால் அதுதான் கிடைக்கும். அது ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. அப்படி ஒரே ஒரு பிக்சல் இருக்கும் படத்தை 41 × 41 சதுரத்தில் மங்கலாக்கினால் 1,681 பிக்சல்கள் கெட்டுவிடும். "0-க்குக் கீழே போனால் 0, 1-க்கு மேலே போனால் 1" என்ற காவலையும் அது தாண்டிவிடும். பெரிதா சிறிதா என்று எதோடு ஒப்பிட்டாலும் அதற்கு விடை பொய் என்பதால் இரண்டு நிபந்தனைகளும் அதைத் தொடுவதில்லை.

மூன்றாவது, கூட்டலில் நேர்மை. 6000 × 4000 அளவில் முழு வெள்ளையாக ஒரு படம், 2.4 கோடி பிக்சல்கள். எளிய சுற்று ஒன்றில் ஒவ்வொரு பிக்சலின் 1.0-ஐயும் 32 பிட் ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனால், கூட்டுத்தொகை 1,67,77,216-இல் நின்றுவிடும். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு அடுத்த படி 2 தள்ளி இருப்பதால், 1 கூட்டினாலும் அசையாது. சராசரி 0.70 என்று வரும். வெள்ளைப் படம் வெளிர் சாம்பலாகக் கணக்கில் ஏறும். 16 பிட் ஹாஃபில் இந்தத் தேக்கம் 2,048-இலேயே வந்துவிடுகிறது. முழு எண் இங்கே குற்றமற்றது என்று சொல்ல முடியாது: 255-களை 32 பிட்டில் கூட்டினால் தொகை 612 கோடி, கொள்ளளவோ 429 கோடி; சுழன்று விழுந்து சராசரி 76 என்று சொல்லும். ஆனால் 64 பிட் முழு எண்ணுக்கு மாறினால் விடை அப்பழுக்கற்றது. ஃப்ளோட்டிலோ 64 பிட்டுக்கு மாறினாலும், பின்ன மதிப்புகளைக் கூட்டும்போது பிழை சிறிதாகுமே தவிர முற்றாகப் போகாது.

செலவுக் கணக்கு

முழு எச்டி சட்டகம் 1920 × 1080, 20,73,600 பிக்சல்கள். ஆல்ஃபாவையும் சேர்த்து நான்கு சேனல்களை 8 பிட்டில் வைத்தால் 8.3 மெகாபைட், ஹாஃபில் 16.6, 32 பிட் ஃப்ளோட்டில் 33.2. இருபது அடுக்குகள் கொண்ட ஒரு வேலையை நினைவகத்தில் வைக்க முறையே 166, 332, 664 மெகாபைட். 256 பிட் அகலமுள்ள ஒரு செயலிப் பதிவேட்டில் 32 பைட்டுகள் அடங்கும். ஃப்ளோட்டுகள் எட்டே எட்டு. சாதாரண ஒட்டுவேலைக்கும் காணொளிக்கும் 8 பிட் வேகமாக இருப்பதற்குக் காரணம், இன்று கணக்கு போடும் நேரத்தைவிட நினைவகத்திலிருந்து எடுத்துவரும் நேரமே பெரிது என்பது.

வரைகலைச் செயலிகள் இதற்கு ஒரு நடுவழி கண்டன. 2002-இல் வந்த ஏடிஐ ரேடியான் 9700-இலிருந்து பிக்சல் கணக்குகள் ஃப்ளோட்டுக்கு மாறின. ஆனால் படம் நினைவகத்தில் 8 பிட்டாகவே இருக்கலாம். படிக்கும் கணத்திலேயே வன்பொருள் அதை 0–1 ஃப்ளோட்டாக்கும், கேட்டால் எஸ்ஆர்ஜிபி வளைவையும் நீக்கிக் கொடுக்கும். எழுதும்போது மறுபடி சுருக்கும். சேமிப்பு ஒன்றில், கணக்கு மற்றொன்றில்.

கலைஞர்கள் கையாளும் கருவிகளும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தன. ஃபோட்டோஷாப் 2005-இல் 32 பிட் முறையைச் சேர்த்தது. கிம்ப் 2018-இல், 2.10 பதிப்பில், ஒரு சேனலுக்கு 32 பிட் ஃப்ளோட் வரை வந்தது. பிளெண்டர் உள்ளே நேர்விகித ஃப்ளோட்டில்தான் ஒளியைக் கணக்கிடுகிறது.

ஆனால் வெளியே செல்லும் கதவு இன்னும் முழு எண்தான். பிரகாசமான புதிய தொலைக்காட்சிகளுக்காக 2014-இல் தரமாக்கப்பட்ட ஒளி வளைவு, சதுர மீட்டருக்கு 10,000 கேண்டெலா வரை செல்கிறது. எச்டிஆர்10 என்ற காணொளி வடிவம் அதை அனுப்புவது 10 பிட் முழு எண்ணில். பிட்டுகள் இரண்டு கூடின, வளைவு மாறியது; "எத்தனையாவது படி?" என்ற கேள்வி மாறவில்லை. காட்டுவதற்கு அது போதும் என்பதால்தான் மாறவில்லை.

1.0 என்றால் என்ன?

255-இன் பொருளில் பெரிய குழப்பம் இல்லை: அந்தச் சேனல் தரக்கூடிய உச்சம். 1.0 அப்படியல்ல, அது எந்த நூலகத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு காட்சிக் கணக்கில் அது முழுதாக ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பரப்பு. விண்டோஸின் விரிந்த எஸ்சிஆர்ஜிபி முறையில் அது சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா.

வழக்கங்களும் தரவு வகையோடு சேர்ந்து மாறுகின்றன. பைத்தானின் மேட்பிளாட்லிப், ஃப்ளோட் அணியாக வரும் வண்ணப் படத்தை 0–1 என்றும் முழு எண் அணியை 0–255 என்றும் எடுத்துக்கொள்ளும். 8 பிட் படத்தை ஃப்ளோட்டாக மாற்றிவிட்டு 255-ஆல் வகுக்க மறந்தால், 1-க்கு மேலான எல்லாம் வெட்டப்பட்டுத் திரை முழுக்க வெளுப்பு. ஓப்பன்சிவியில் நிறச்சாயலின் கோணம் ஃப்ளோட்டில் 0–360. 8 பிட்டில் ஒரு பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அது பாதியாக்கப்பட்டு 0–179. லேப் நிறவெளியில் வெளிச்சம் ஃப்ளோட்டில் 0–100, 8 பிட்டில் 0–255. தரவு வகையை மாற்றும் ஒரு வரி, மற்ற எல்லா வரிகளிலும் உள்ள எண்களின் பொருளையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது, தொகுப்பி எச்சரிக்காது.

எதற்கு எது?

இரண்டையும் ஒப்பிட்டு வரும் முடிவு, ஒன்றை மற்றதற்குப் பதிலாக வைக்க வேண்டும் என்பதல்ல. படம் முடிந்துவிட்டது, இனி அனுப்பவும் காட்டவும் ஒப்பிடவும் மட்டும்தான் வேண்டும் என்றால் 8 பிட் எஸ்ஆர்ஜிபி. அகன்ற ஒளி வீச்சுள்ள திரைக்கென்றால் 10 பிட். மாற்றம் ஒன்றிரண்டுதான், கத்தரிப்பும் சுழற்றலும் மட்டுமே என்றாலும் முழு எண்ணே போதும்; அங்கே ஃப்ளோட்டால் வரும் ஆதாயம் எதுவும் இல்லை. கலப்பதும் மங்கலாக்குவதும் சுருக்குவதும் ஒளியூட்டுவதுமாகப் பல படிகள் தொடரும் வேலைக்கு ஃப்ளோட். சேமித்து வைக்க ஹாஃப், கூட்டுத்தொகை எடுக்க 32 பிட்டோ அதற்கு மேலோ.

இவற்றைவிட முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இந்த மாறியில் இருப்பது படியா, ஒளியா? மாறியின் பெயரிலேயே அதை எழுதிவைக்கும் குழுக்கள், வகுத்தது 255-ஆலா 256-ஆலா, வளைவு நீக்கப்பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு செயற்கூற்றின் வாசலிலும் நின்று யோசிக்க வேண்டியதில்லை. அதை எழுதிவைக்காத நிரலில் 32 பிட்டும் 64 பிட்டும் செய்வதெல்லாம் தவறான விடையைக் கூடுதல் தசம இடங்களோடு தருவதுதான்.